மெருகில் விழுந்த கோடு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் காலை வேளையில் நின்றால், இரண்டடுக்கு லாரிகளில் புத்தம்புதுக் கார்கள் ஊர்வலம் போவதைப் பார்க்கலாம். சிவப்பு, நீலம், வெள்ளை, ஈயச் சாம்பல் என்று எத்தனையோ நிறம். வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் கண்ணாடியாய்ப் பளபளக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தது. நடுவே ஸ்ரீபெரும்புதூரிலேயே 2005-ல் ஏஷியன் பெயின்ட்ஸ் ஒரு பெரிய வர்ண ஆலையும் போட்டுவிட்டது. இராமாநுஜர் அவதரித்த ஊர் என்று நம் பாட்டிமார் கைகூப்பிய திசையில் இன்று வண்டிகளுக்கு மேல்பூச்சுப் பூசுகிறார்கள். அந்த மேல்பூச்சில் ஒரு மயிரிழைக் கோடு இருந்தால்கூட, வண்டி வாசலைத் தாண்டாது.

நான் சொல்லப் புகுந்தது காரைப் பற்றியல்ல, கிதாரைப் பற்றி. மின்சாரக் கிதார். காரிலிருந்து கிதாருக்கு ஏன் தாவுகிறேன் என்று வாசகர் கேட்கலாம். தாவவில்லை. அவை இரண்டும் ஒரே பீப்பாயிலிருந்து வர்ணம் எடுத்துப் பூசிக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் என் தம்பி மகன் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் குடியிருக்கிற இளம் என்ஜினீயர்களில் பாதிப் பேரிடம் ஒரு கிதார் இருக்கும். மாற்றல் வந்தால் சகாய விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி ஒன்றை இவன் வாங்கிவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் பார்த்தால், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு கோடு. "பெரியப்பா, விரிசல் மரத்திலா, வர்ணத்திலா?" என்று முகம் வெளுத்துக் கேட்டான்.

நல்ல கேள்வி. தமிழில் இதற்குத் தனித்தனிச் சொல்லே இருக்கிறது. மேலோடு போனால் கீறல். உள்ளே இறங்கினால் விரிசல். வாய் திறந்துவிட்டால் வெடிப்பு. வீணை செய்கிறவர்கள் பலாமரத்தைக் குடைந்து குடம் செய்யும்போது பயப்படுவதெல்லாம் மூன்றாவதற்குத்தான். தஞ்சாவூர்ப் பட்டறைகளில் குடத்தை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். மரம் பிளந்திருந்தால் ஒலி சொல்லிவிடும். மேலே அரக்கு மெருகில் நாலு கோடு விழுந்திருந்தால் அதைச் சட்டை செய்வதில்லை. மறுபடி மெருகேற்றினால் போயிற்று.

அரக்கு என்றேனே, அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ கிதார்களுக்கும் பியானோக்களுக்கும் பளபளப்புத் தந்தது நம் நாட்டு அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் அப்பிக்கொண்டு வாழ்கிற ஒரு சிறு பூச்சி கசிகிற பிசின். பாண்டவர்களுக்கு மாளிகை கட்டின சரக்கு இதுதான். கல்யாணப் புடவைக்கு நாம் சொல்கிற அரக்கு நிறமும் இதன் பெயரால் வந்ததே. சாராயத்தில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து, நாள்கணக்காக ஏற்றுவார்கள். அழகான வேலை, மெதுவான வேலை. இருபதாம் நூற்றாண்டுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

அரக்கைப் பின்னுக்குத் தள்ளிய சாமான் பிறந்த கதை வேடிக்கையானது. ஸ்விட்ஸர்லாந்தில் பாஸெல் நகரத்து ரசாயனப் பேராசிரியர் ஷோன்பைன் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சிந்தியதைப் பெண்டாட்டியின் பருத்தித் துணியால் துடைத்து அடுப்பருகே உலர்த்தினாராம். துணி சாம்பல்கூட மிச்சமில்லாமல் 'புஸ்' என்று மறைந்ததாம். துணிக் கதை மெய்யோ பொய்யோ, 1846-ல் அவர் வெடிபஞ்சை உலகத்துக்கு அறிவித்தது மெய். சாதாரணப் பஞ்சுதான், அமிலத்தில் ஊறினால் வெடிமருந்து. எவ்வளவு ஊறியது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். நிறைய ஊறினது பீரங்கிக்கு. கொஞ்சம் குறைவாக ஊறினது சில திரவங்களில் தேன்போலக் கரையும். கரைத்து ஊற்றி உலரவிட்டால் கண்ணாடித் தாள் போன்ற ஏடு கிடைக்கும். அதன் ரசாயனப் பெயர் நைட்ரோசெல்லுலோஸ்.

பீரங்கிக்குப் போன சரக்கு தமிழ்நாட்டுக்கும் வந்தது. நீலகிரி ரயிலில் போனவர்கள் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கிற அந்தப் பழைய தொழிற்சாலை 1903-ல் வெள்ளைக்காரன் போட்டது. பெயர் கார்டைட் பாக்டரி. கார்டைட் என்பது 1889-ல் ஏபல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது: நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58, வெடிபஞ்சு 37, மிச்சம் 5 வாஸலின். இவற்றைப் பிசைந்து இடியாப்பம் பிழிகிற மாதிரி கயிறு கயிறாகப் பிழிந்தெடுப்பார்கள். காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து ஆலையை ஓட்டினார்கள். இந்தியத் துருப்புகளின் துப்பாக்கி பேசுவதற்கு வேண்டிய மூச்சு தேயிலைத் தோட்டங்களின் நடுவே தயாராயிற்று. 2021-க்குப் பின் மியூனிஷன்ஸ் இந்தியா என்கிற அரசாங்கக் கம்பெனியின் கீழ் இன்றும் அது நடக்கிறது. பெரிய ஆட்கள் பிறந்த இடங்களுக்கு நாம் பலகை மாட்டுகிறோம்; பொருள்களுக்கு மாட்டுவதில்லை. மாட்டுவதானால் அருவங்காட்டு ஸ்டேஷனில் ஒன்று மாட்டலாம்: 'சினிமாச் சுருளுக்கும் கார் வர்ணத்துக்கும் கிதார் மெருகுக்கும் ஒன்றுவிட்ட சகோதரன் இவ்வூரில் வசிக்கிறான்.'

சினிமாச் சுருள் இதில் எப்படி வந்தது? அதற்குக் கற்பூரம் வேண்டியிருந்தது. வெடிபஞ்சு ஏடு தனியே உலர்ந்தால் அப்பளம்போல் நொறுங்கும். அதோடு கற்பூரத்தைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது என்று அமெரிக்காவில் ஹயட் என்பவர் 1870-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார். அதுதான் செல்லுலாய்ட். தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்று தேடினவர், சீப்புக்கும் சட்டைக் காலருக்கும் சினிமாவுக்கும் வழி திறந்துவிட்டார். உலகத்துக் கற்பூரத்தில் பெரும்பகுதி ஃபார்மோசாத் தீவிலிருந்து வந்தது. ஜப்பான் 1899-ல் அதை ஏகபோகமாக்கிக் கொண்டதற்குக் காரணம் பக்தியல்ல, செல்லுலாய்ட்.

கற்பூரத்தின் குணம் நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். டப்பாவைத் திறந்து வைத்தால் காணாமல் போய்விடும். அதற்காகத்தான் நாலு மிளகைப் போட்டு வைக்கிறோம். செல்லுலாய்டிலிருந்தும் அது இப்படியே மெல்ல மெல்லப் போகிறது. போகப் போக, ஏடு சுருங்கிப் பழைய நொறுங்கல் குணத்துக்குத் திரும்புகிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கிதார் விரிசலின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது.

இந்த நொறுங்குகிற, தீப்பற்றுகிற ஏட்டில் நாம் எவ்வளவு பறிகொடுத்தோம் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படக் கதையான 'கீசக வத'த்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். 1917 என்றும் 1918 என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள். படத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால் படம் இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதா'ஸும் (1931) அப்படியே. முதலியார் ஸ்டூடியோ போடுவதற்கு முன் சென்னையில் மோட்டார் வண்டி, உதிரி பாகம் வியாபாரம் செய்தவர்! காரை விட்டுச் சுருளுக்குப் போனார். ஸ்டூடியோ தீக்கிரையானதும் மகனை இழந்ததும் சேர்ந்து அவரைச் சினிமாவை விட்டே விலக வைத்தன. பிற்காலத்தில் சேர்த்து வைத்ததையாவது காப்பாற்றினோமா? 2003 ஜனவரியில் புனேயில் வைத்திருந்த பழைய நைட்ரேட் சுருள்கள் தீயில் போயின. விரிசலோடாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று ஏங்க வேண்டிய பொருள்கள் அவை.

முதல் உலக மகாயுத்தம் 1918-ல் முடிந்தது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி யுத்தத்துக்காக மலைமலையாக வெடிபஞ்சு செய்யும் யந்திரங்களைப் போட்டிருந்தது. சண்டை நின்றதும் யந்திரத்தை என்ன செய்வது? அங்கே கார்த் தொழிலில் ஒரு பெரிய தலைவலி. காருக்குக் கையால் வர்ணம் அடித்து உலர்த்தி எடுக்க வாரக்கணக்காகும். சில வண்டிகளுக்கு ஒரு மாதம் வரையில்கூட. கறுப்பு எனாமல் ஒன்றுதான் சீக்கிரம் உலர்ந்தது. அதனால்தான் ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை ஒரே கறுப்பு. ஜெனரல் மோட்டார்ஸில் இந்தத் தலைவலியைத் தீர்க்கத் தலைப்பட்டவர் கெட்டரிங் என்ற ஆராய்ச்சித் தலைவர். கார் வர்ணம் ஒரு மணி நேரத்தில் உலராது என்று அடித்துச் சொன்ன ஒரு வர்ண வியாபாரியைச் சாப்பிட அழைத்து, பேச்சோடு பேச்சாக 'உங்கள் காருக்கு எந்த நிறம் பிடிக்கும்?' என்று கேட்டாராம். சாப்பிட்டு எழுந்து வெளியே வந்தால், வியாபாரியின் சொந்தக் கார் அந்த நிறத்தில் உலர்ந்து நிற்கிறது! கெட்டரிங் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்.

எப்படியோ, 1923-ல் டூபான்ட் தயாரித்த புது வர்ணம் ஓக்லண்ட் என்ற காரின் மேல் நீல நிறத்தில் ஏறிற்று. அதன் வியாபாரப் பெயர் டூக்கோ. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. காருக்கு நூறு நிறம் வந்தது. பெயர் கடல் கடந்து இங்கேயும் வந்தது. இன்றும் நம் ஊர் டிங்கரிங் பட்டறை வாசலில் 'டுக்கோ பெயின்டிங் செய்யப்படும்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே அடிப்பது வேறு வர்ணமாயிருக்கும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தின்னரில் கலக்கி, ஸ்பிரே துப்பாக்கியால் அடிப்பார்கள். பழைய ஆட்கள் மழைநாளில் அடிக்க மாட்டார்கள். காற்றிலுள்ள ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும் என்பது அவர்களுக்கு அனுபவம். அடிக்கிற கருவிக்குத் துப்பாக்கி என்று பெயர் வைத்தார்களே, அடிக்கிற சரக்கின் பூர்வோத்தரம் தெரிந்து வைத்தது போலவே இருக்கிறது.

காருக்கு வந்த வர்ணத்தை அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கிதார்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். நாள்கணக்கில் அரக்குத் தேய்ப்பது நின்றது. துப்பாக்கியால் அடிப்பது வந்தது. ஆனால் காரும் கிதாரும் உண்மையாகவே ஒன்றான காலம் 1950-களில்தான். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். குடமில்லாத, உள்ளே பொள்ளலில்லாத, வெறும் பலகையில் கம்பி கட்டி மின்சாரத்தால் பேசவைக்கிற கிதாரைத் தொழிற்சாலைப் பண்டமாக ஆக்கினார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டாலர் 50 சென்ட். நூற்றுக்கு ஐந்து டாலர் மேலே கொடுத்தால் உங்களுக்கு இஷ்டமான நிறம். அந்த நிறங்களுக்கு ஃபெண்டர் எங்கே போனார்? கார் வர்ணக் கடைக்கு. ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் சிவப்பு. லேக் ப்ளாசிட் ப்ளூ என்பது காடிலாக்கின் நீலம். ஷெல் பிங்க் டிஸோட்டோவிலிருந்து; ஸர்ஃப் கிரீன் ஷெவர்லேயிலிருந்து. பணக்காரன் காரில் கண்ட நிறத்தைப் பையன் கிதாரில் மாட்டிக்கொண்டான்.

இதே பலகை வாத்திய வம்சம் நம் கச்சேரி மேடைக்கும் வந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மடியில் வைத்துக்கொண்டு ராக ஆலாபனை செய்தது மின்சார மாண்டலின்தான். குடமில்லாத வாத்தியத்தில் கமகம் எங்கே என்று மூக்கைச் சுளித்த பெரியவர்கள் அரைமணியில் தலையை ஆட்டத் தொடங்கினார்கள்.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். மரம் உயிர் போன பிறகும் சும்மா இராது. ஈரம் ஏறினால் குறுக்கில் உப்பும், வற்றினால் ஒடுங்கும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. மேலே பூசின ஏடோ குளிரில் எல்லாத் திசையிலும் சுருங்கும், மரத்தைக் காட்டிலும் பல மடங்கு. பூசின புதிதில் அதற்குள் இளக்கம் இருந்தது. கற்பூரமோ ஆமணக்கெண்ணெயோ பிற்காலத்து ரசாயன எண்ணெய்களோ அந்த இளக்கத்தைத் தந்தன. சூடம் டப்பாவில் நடக்கிற காரியம் இங்கேயும் நடக்கிறது. இருபது முப்பது வருஷத்தில் இளக்கம் போய், ஏடு விறைத்து நிற்கிறது. ஒருநாள் பனியில் லாரியில் கிடந்த பெட்டியை இதமான அறைக்குள் கொண்டுவந்து அவசரமாகத் திறக்கிறார்கள். மெல்லிய சத்தத்தோடு கோடுகள் விழுகின்றன. குளிரில் விழுந்தவை பெரும்பாலும் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஓடும். மரம் உப்பியதால் விழுந்தவை ரேகையோடு ஓடும். கோட்டைப் பார்த்தே அந்தக் கிதார் எந்தச் சீமையில் எப்படிப்பட்ட அறையில் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் சென்னைப் பக்கத்தில் உறைபனி இல்லை. ஆனால் வெளியே நாற்பது டிகிரி, உள்ளே ஏர்கண்டிஷனர் என்று வாழ்கிறோமே, அதுவும் போதும்.

தம்பி மகனின் கிதாரில் இருந்தது இந்த ரகக் கோடு அல்ல. அது வேறு வம்சம்.

கார்த் தொழில் டூக்கோவைக் கைவிட்டது. அக்ரிலிக் வந்தது, பிறகு எனாமல் வந்தது. இன்று ஒரகடம் பக்கத்தில் நடப்பது முற்றிலும் வேறு வித்தை. இரும்புக் கூட்டை மின்சாரம் பாய்கிற வர்ணத் தொட்டியில் முக்கி, அடுப்பில் சுட்டு, மேலே நிறம், அதன் மேலே நிறமற்ற கண்ணாடிப் பூச்சு, மறுபடி அடுப்பு. இறுதிச் சூடே நூற்று நாற்பது டிகிரியை ஒட்டியிருக்கும். இரும்பு தாங்கும். மரம் தாங்குமா? அங்கேதான் காரும் கிதாரும் பிரிந்தன. கிதார்க்காரர்கள் சூடு வேண்டாத, கலந்தால் தானே இறுகிக்கொள்கிற பாலியெஸ்டர், பாலியுரிதேன் பக்கம் போனார்கள். ஃபெண்டர் கம்பெனி 1965-ல் ஸி.பி.எஸ்.ஸுக்குக் கைமாறிவிட்டது, 1968-ல் பாலியெஸ்டர் அடிக்கத் தொடங்கினார்கள். கிப்ஸன் மட்டும் இன்றுவரை பழைய நைட்ரோவை விடவில்லை. பாலியெஸ்டர் கனமான ஓடு. மயிரிழைக் கோடுகள் அதில் விழுவதில்லை. விழுந்தால் ஒரே இடத்தில் பளிச்சென்று விழும். அந்த இடம் அநேகமாக, நாலு திருகாணி போட்டுக் கழுத்தைப் பொருத்துகிற குழியின் மூலை. கழுத்து இறுக்கமாக உட்கார்ந்து மூலையில் கொஞ்சம் அழுத்தினாலும், மரம் வளைந்து கொடுக்கும், ஓடு கொடுக்காது.

அவனை, தந்தியைத் தளர்த்தித் திருகாணிகளைக் கழற்றச் சொன்னேன். குழிக்குள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே மரம் தெரிகிறது. வெளியே இருந்த கோட்டின் தொடர்ச்சி மரத்தில் இல்லை. கோட்டின் இருபுறமும் கட்டைவிரலால் அமுக்கினால் அசையவில்லை. நகத்தை ஓட்டினால் ஒரு பக்கம் மேடு தட்டவில்லை. "வர்ணத்தில்தான்டா" என்றேன். விற்றவனிடம் பணம் திருப்பிக் கேட்பதற்குத் தயாராக இருந்தவன், கழுத்தைத் திரும்ப மாட்டி ஏதோ ஒரு சினிமாப் பாட்டை வாசித்தான். பாட்டு சுமார்தான், குற்றம் கிதாருடையதல்ல.

இவன் கோட்டைக் கண்டு கலங்கினான். கோட்டுக்காகவே காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றதும் நம்பவில்லை. 1995-ல் ஃபெண்டர் கம்பெனியே 'ரெலிக்' என்று பெயர் வைத்துப் புதுக் கிதாரைப் பழசாக்கி விற்கத் தொடங்கிவிட்டது. விளிம்பைத் தேய்க்கிறார்கள், ஆணிக்குத் துருவேற்றுகிறார்கள், குளிர்வித்தும் கத்தியால் கீறியும் மெருகில் கோடு போடுகிறார்கள். புதுசைவிட விலை அதிகம். எனக்கு இது பிடிக்கவில்லை. கிழவேஷம் போட்ட வாலிபனை நாடகத்தில் ரசிக்கலாம். பெண் பார்க்க அழைத்துப் போக முடியாது.

ஒரகடத்திலேயே வேறொரு கைவேலை இருந்தது, அது பிடித்தது. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்பீல்டு மோட்டார் சைக்கிள், 2013-ல் ஒரகடத்திலும் ஆலை போட்டது. பெட்ரோல் டாங்கின் மேல் ஓடுகிற தங்கக் கோட்டைக் கையாலேயே இழுக்கிற வழக்கமும் உடன் வந்தது. மெல்லிய தூரிகை, அளவுகோல் கிடையாது; மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. யந்திரக் கைகள் வர்ணம் அடிக்கிற சீமையில் ஒரு மனிதன் வேண்டுமென்றே போட்ட கோடு.

மெய்யாகவே வயதான கிதாரில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பிகளுக்குக் கீழே மார்புத் தகடு போல் ஒரு பிளாஸ்டிக் பலகை திருகியிருக்கும். அதைக் கழற்றினால் வெயிலும் புகையும் படாத பழைய பூச்சு. 1960-ஐ ஒட்டிய நீலக் கிதார்கள் பல இன்று பச்சையாகத் தெரிகின்றன. மேலே அடித்த நிறமற்ற மெருகு காலத்தில் மஞ்சளானதால் வந்த பச்சை அது. சில சிவப்புக் கிதார்களில் வர்ணம் உதிர்ந்த இடத்தில் அடியில் மஞ்சளும் கறுப்புமாக இன்னொரு மெருகு எட்டிப் பார்க்கும். ஏற்கெனவே மெருகேற்றி வைத்திருந்த உடலின் மேலேயே, கேட்டவனுக்காக ஃபெண்டர் கம்பெனியார் சிவப்பை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தகட்டுக்கு அடியில் நீலம் நீலமாகவே இருக்கிறது, காடிலாக்கின் நீலம்.